ஒரு சிட்டம் நூல்

1925 செப்டம்பரில் பாட்னாவில் அகில இந்திய காங்கிரஸ் கமிட்டி கூடியபோது, அதோடு சேர்ந்து ஒரு சங்கமும் பிறந்தது. அகில பாரத சர்க்கா சங்கம் என்று பெயர். உறுப்பினராகச் சேர 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். வழக்கமாகக் கதர் உடுத்துகிறவராக இருக்க வேண்டும். சந்தா கட்ட வேண்டும். அந்தச் சந்தா நூலாகத்தான் வர வேண்டும். முதல் வகுப்பு உறுப்பினர் மாதாமாதம் 1,000 கஜம் நூலைத் தம் கையாலேயே நூற்று அனுப்ப வேண்டும். இரண்டாம் வகுப்பு என்றால் ஆண்டுக்கு 2,000 கஜம். நூல் சீராக இருக்க வேண்டும், முறுக்கு சரியாக ஏறியிருக்க வேண்டும். வக்கீலுக்கும் அதே விதிதான், வாத்தியாருக்கும் அதே விதிதான், பண்ணையாருக்கும் அதே விதிதான்.

உலகத்தில் எத்தனையோ சங்கங்கள் இருந்திருக்கின்றன. உறுப்பினரிடம் அவர் கைவேலையையே சந்தாவாகக் கேட்ட சங்கம் அபூர்வம். மதுரைச் சீமைக்கு இந்தக் கதையில் பெரிய பங்கு இருக்கிறது. ஆகவே அந்தச் சந்தா நூலின் ஒரு சிட்டத்தை எடுத்துக்கொண்டு, அது எங்கே முளைத்தது, யார் யார் கையில் போனது, எங்கே போய் முடிந்தது என்று சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் சிட்டம் என்றால் என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும். கதிரில் சேர்ந்த நூலை ஒரு சட்டத்தில் சுற்றி, சிக்காமல் இருக்கக் குறுக்கே கட்டுப் போட்டு, கழற்றி முறுக்கி மடித்தால் அது சிட்டம். பழைய மில் கணக்கில் ஒரு சிட்டத்துக்கு 840 கஜம். அப்படி 20 சிட்டம் சேர்ந்து ஒரு பவுண்டு நின்றால் அது 20ஆம் நம்பர் நூல். 40 சிட்டம் சேர்ந்தால்தான் ஒரு பவுண்டு நிற்கும் என்றால் 40ஆம் நம்பர். நம்பர் ஏற ஏற நூல் மெலியும். 20ஆம் நம்பரில் ஒரு சிட்டம் 23 கிராம்தான் இருக்கும். கையில் வைத்தால் கனமே தெரியாது. இப்போது கதர் நிலையங்களில் 1,000 மீட்டருக்கு ஒரு சிட்டம் என்று மெட்ரிக் கணக்கு வந்துவிட்டது. இந்தக் கதைக்கு நாம் பழைய கணக்கிலேயே போவோம்.

மதுரையிலிருந்து தெற்கே திருமங்கலம் தாண்டினால் மண்ணின் நிறம் கறுத்துக்கொண்டே வரும். கள்ளிக்குடி, விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி வரை கரிசல்தான். கிழக்கே அருப்புக்கோட்டைப் பக்கமும் அப்படியே. கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும் மண், மழை விழுந்தால் குடித்துக் குடித்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். புரட்டாசி, ஐப்பசியில் விதைத்துவிட்டால் பிறகு தண்ணீர் பாய்ச்ச வேண்டியதில்லை. வேர் ஆழத்துக்கு இறங்கி அந்த ஈரத்திலேயே நிற்கும். மாசி, பங்குனியில் காய் வெடிக்கும். இந்த மண்ணுக்கு என்றே இருந்த பருத்தி கருங்கண்ணி. இழை குட்டை; பூச்சியை ஓரளவு தாங்கும்; மானம் பார்த்த பூமியில் ஒரு குடும்பத்தைக் கைவிடாத செடி. வெள்ளைக்கார வியாபாரிகள் இந்தச் சீமைப் பருத்தியைத் திருநெல்வேலிப் பஞ்சு என்று பேர் சொல்லித் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றினார்கள். கோவில்பட்டியில் 1901இலேயே விவசாய ஆராய்ச்சிப் பண்ணை வந்ததற்கு இந்தப் பருத்தியும் ஒரு காரணம். அதற்குச் சில ஆண்டுகளுக்குள் கம்போடியாப் பருத்தி வந்தது. அதன் இழை நீளம், மில்லுக்கு அதுதான் பிடிக்கும். கிணற்றுப் பாசனம் இருந்த செம்மண் காடுகளில் அது பரவியது. கரிசலில் மட்டும் கருங்கண்ணி பல காலம் விடாமல் நின்றது.

பருத்தி எடுப்பு பெரும்பாலும் பெண்களின் வேலை. மடியில் சேர்ந்த பருத்தி களத்துக்கு வரும். மணையில் அரைத்துக் கொட்டையைப் பிரித்தால் கொட்டை மாட்டுக்குப் போகும். மதுரைத் தெருக்களில் சாயங்காலம் விற்கும் பருத்திப்பாலுக்கும் போகும். காய்ந்த மார் அடுப்புக்கு. மிஞ்சிய பஞ்சை வில்லால் அடிக்க வேண்டும். அடிக்க அடிக்க உள்ளே ஒட்டிக் கிடந்த இலைத்தூளும் மண்ணும் உதிரும், இழைகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும். அதை விரல் பருமனுக்கு உருட்டி எடுத்தால் திரி. கைராட்டையில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், நூலின் நல்லது கெட்டது பாதிக்கு மேல் திரியிலேயே முடிவாகிவிடுகிறது. வில்லடித்தவர் அவசரப்பட்டிருந்தால் நூற்பவர் என்ன முயன்றாலும் முடிச்சு முடிச்சாகத்தான் வரும்.

பிறகு ராட்டை. வலது கை சக்கரத்தைச் சுற்றுகிறது. இடது கை திரியைப் பிடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டே போகிறது. கதிர் முனையில் முறுக்கு ஏறுகிறது. இழுப்பும் முறுக்கும் ஒன்றுக்கொன்று ஈடாக இருக்க வேண்டும். இழுப்பு மிஞ்சினால் அறும். முறுக்கு மிஞ்சினால் சுருளும். 20ஆம் நம்பர் பாவு நூலுக்கு, அதாவது துணியின் நீளவாக்கு இழைக்கு, ஓர் அங்குலத்தில் ஏறத்தாழ 20 முறுக்கு வேண்டும். யாரும் அதை எண்ணிப் போடுவதில்லை, விரலுக்கே தெரிந்துவிடும். தெரிவதற்குச் சில மாதங்கள் ஆகும். நன்றாகப் பழகியவர் ஒரு மணி நேரத்தில் 300 கஜத்துக்குக் குறையாமல் நூற்பார்.

இந்த வேலை இந்த ஊருக்குப் புதிதல்ல. மதுரைக்குத் தென்கிழக்கே கீழடியில் தோண்டியபோது சுடுமண் தக்களிகள் கிடைத்தன, நெசவில் பயன்பட்ட எலும்பு முனைக் கருவிகளும் கிடைத்தன. புறநானூற்றின் 326ஆம் பாட்டில் ஒரு பருத்திப் பெண் இரவில் எழுந்து சிறிய விளக்கொளியில் பஞ்சிலுள்ள செத்தையைப் புடைக்கிறாள். பகலெல்லாம் வேறு வேலை பார்த்தவளாக இருக்க வேண்டும். சங்கப் புலவர்களில் ஒருவர் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார். அறுவை என்றால் துணி. நூற்றவள் பெயர் பாட்டில் வரவில்லை, விற்றவர் பெயர் தொகையில் நிற்கிறது. அந்த நியாயம் அப்போதே அப்படித்தான் இருந்திருக்கிறது.

ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நடந்த அந்தக் கைநூற்பை நிறுத்தியது மில். முதலில் மான்செஸ்டர் நூல் கப்பலில் வந்தது. பிறகு 1890களில் ஹார்வி சகோதரர்களின் மதுரை மில் இந்த ஊரிலேயே எழுந்தது. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அதன் சங்கு ஊதும் சத்தத்தை வைத்து மதுரைக்காரர்கள் மணி பார்த்தார்கள். மகால் பக்கத்துச் சௌராஷ்டிர நெசவாளர்களும் சாயக்காரர்களும் மெல்லிய, பிசிறில்லாத நூலைக் கேட்டவர்கள். மில் நூல் அவர்களுக்குத் தோதாக இருந்தது. அவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. அறாத நூல் என்பது நெசவாளருக்கு அன்றைய சோறு.

இனி 1921. அந்த ஆண்டு மார்ச் கடைசியில் பெஜவாடாவில் காங்கிரஸ் மூன்று இலக்கு வைத்தது: ஒரு கோடி உறுப்பினர், ஒரு கோடி ரூபாய், 20 லட்சம் ராட்டை. செப்டம்பர் 30க்குள் அந்நியத் துணியை முற்றிலும் விட்டுவிட வேண்டும் என்று கெடுவும் வைத்தார்கள். கெடு நெருங்கும்போது காந்தி தமிழ்நாட்டில் சுற்றிக்கொண்டிருந்தார். போகிற இடமெல்லாம் ஒரே பதில் வந்தது. கதர் கிடைக்கவில்லை, கிடைத்தாலும் வாங்கக் காசில்லை. மதுரைக்கு வரும் ரயிலிலும் அதே பேச்சு. செப்டம்பர் 22ஆம் தேதி காலை, மேலமாசி வீதியில் தாம் தங்கியிருந்த வீட்டின் மாடியில், சட்டையையும் குல்லாயையும் களைந்துவிட்டு இடுப்பில் ஒரு முழத்துண்டோடு வெளியே வந்தார். அந்தக் கோலத்தில் அவர் முதலில் மக்கள் முன் நின்ற இடம் இன்று காமராசர் சாலையில் காந்தி பொட்டல் என்று வழங்குகிறது. அக்டோபர் 31 வரைக்காவது இப்படி இருப்பேன் என்றுதான் அவர் முதலில் அறிவித்தார். பிறகு வாழ்நாள் முழுக்க அதுவே ஆடையானது.

இந்தச் சம்பவத்தைப் பலரும் துறவாகச் சொல்கிறார்கள். அதில் நூலின் கணக்கும் இருக்கிறது. போட்டுப் பார்ப்போம். அங்குலத்துக்கு 40 பாவு இழை, குறுக்கே 40 ஊடை இழை என்று வைத்தால் ஒரு சதுர கஜத் துணிக்கு 2,880 கஜம் நூல் பிடிக்கும். நாலு முழ வேட்டி 2 கஜ நீளம். 45 அங்குல அகலம். அதற்கு 7,200 கஜம், அதாவது எட்டரைச் சிட்டம். மணிக்கு 300 கஜம் நூற்றால் 24 மணி நேர வேலை. எட்டு முழ வேட்டி என்றால் 48 மணி நேரம். எட்டு முழத்தை நாலு முழமாகக் குறைப்பவர் யாரோ ஒரு பெண்ணின் 24 மணி நேர உழைப்பை இன்னொருவர் உடம்புக்கு விட்டுக்கொடுக்கிறார். நூல் போதாத நாட்டில் எல்லோரும் கதர் கட்ட வேண்டும் என்றால் துணி சுருங்கித்தான் ஆக வேண்டும். மதுரையில் அன்று எடுத்த முடிவுக்குப் பின்னால் இந்தப் பற்றாக்குறை நின்றது என்பது என் எண்ணம். காந்தி அன்று வெளியிட்ட அறிக்கையும் கதர் பற்றாமை பற்றித்தான் பேசுகிறது.

பற்றாக்குறையைத் தீர்க்க எல்லோரையும் நூற்க வைக்கலாம் என்று பிறகு பார்த்தார்கள். 1924 டிசம்பரில் பெல்காமில் காந்தி தலைமையில் நடந்த மாநாடு, காங்கிரஸ் உறுப்பினர் ஒவ்வொருவரும் மாதம் 2,000 கஜம் நூல் தர வேண்டும் என்றது. நூற்க மனமில்லாதவர் பிறர் நூற்றதைக் கொடுக்கலாம் என்று ஒரு சலுகையும் விட்டார்கள். அந்தச் சலுகை விதியையே தின்றுவிட்டது. பலர் நூலை விலைக்கு வாங்கிக் கட்டினார்கள். ஓராண்டு முடிவதற்குள் காங்கிரஸ் பழையபடி நாலணாவையும் ஏற்றுக்கொள்ள வேண்டி வந்தது. மனமுவந்து நூற்பவர்களுக்கென்று தனியாகச் சர்க்கா சங்கம் எழுந்தது அந்த இடத்தில்தான். இங்கே பிறர் நூற்றதற்கு இடமில்லை.

சரி, நம் சிட்டம் சங்கத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. அடுத்து தறிக்குப் போக வேண்டும். தொல்லை ஆரம்பிப்பது இங்கேதான். கதரைப் பற்றி எழுதுகிறவர்கள் ராட்டையைப் பாடிவிட்டு நேராகத் துணிக்குப் போய்விடுவார்கள். நடுவே குழித்தறியில் கால் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கும் நெசவாளரை யாரும் கேட்பதில்லை.

அவர் பக்கம் இருந்து பாருங்கள். பாவு நூல் தறியில் சும்மா கிடப்பதில்லை. ஒவ்வொரு மிதிக்கும் விழுதோடு ஏறி இறங்குகிறது. ஒவ்வொரு அடிக்கும் அச்சு அதை உரசுகிறது. 27 அங்குலத் துண்டு ஒன்றின் பாவில் 1,080 இழை. அதில் ஓர் இழை மெலிந்திருந்தாலும் அங்கே அறும். அறுந்தால் நாடாவை நிறுத்த வேண்டும், இழையைத் தேடி எடுத்து, விழுதில் கோத்து, அச்சில் கோத்து, முடிந்து, பிறகு மறுபடி மிதிக்க வேண்டும். மில் நூலில் அரை நாளைக்கு ஒருமுறை நேர்வது கைநூலில் கஜத்துக்குக் கஜம் நேர்ந்தால் அவர் கூலி என்ன ஆகும்? நெசவுக்கூலி கஜக்கணக்கில்தானே. விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போட்டு உலர்த்துவது எல்லாத் தறிக்காரருக்கும் பொது. கைநூலுக்கு அந்தக் கஞ்சியை இன்னும் பக்குவமாகப் போட வேண்டும். கெட்டியானால் நூல் விறைத்து முறியும், தண்ணீரானால் பிசிறு அடங்காது.

மெலிவும் தடிப்பும் மட்டும் என்றால் சமாளித்துவிடலாம். வக்கீல் வீட்டு நூலில் முறுக்கு அதிகம், பள்ளிக்கூடப் பையன் நூலில் முறுக்கு குறைவு. இரண்டையும் ஒரே பாவில் போட்டால் துவைத்த முதல் நாளே துணி ஓரிடத்தில் சுருங்கும், ஓரிடத்தில் தொங்கும். இப்படிப்பட்ட நூலை எடுத்துக்கொள்ள நெசவாளர்கள் தயங்கினார்கள். அதனால் தொடக்க ஆண்டுகளில் பாவுக்கு மில் நூலும் ஊடைக்குக் கைநூலும் போட்டு அரைக்கதர் நெய்தார்கள். ஊடை நூல் தாரில் சுற்றி நாடாவுக்குள் உட்கார்ந்து போவது. அதற்கு இழுவை குறைவு, அரைகுறை நூலும் தாங்கும். சுத்தக்கதர் வேண்டும் என்று பிறகு பிடிவாதம் பிடித்தபோதுதான் பாவுக்குத் தாங்கும் கைநூலை உண்டாக்க வேண்டிய கட்டாயம் வந்தது.

சங்கம் செய்த உண்மையான வேலை இங்கே இருக்கிறது. சிட்டம் வந்தவுடன் தராசில் வைத்து நம்பர் பார்ப்பது, இழுத்துப் பலம் பார்ப்பது, ஒரே நம்பரையும் ஒரே முறுக்கையும் ஒரு கட்டாகச் சேர்ப்பது, பாவுக்கு ஆவதை ஒரு பக்கமும் ஊடைக்கு ஆவதை மறுபக்கமும் வைப்பது. திருப்பூர் தமிழ்நாட்டுக் கதருக்குத் தலைநகராக இருந்தது. திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் ராஜாஜி 1925இல் தொடங்கிய காந்தி ஆசிரமத்திலும் இதே வேலை நடந்தது. பஞ்சை ஊர் ஊராகக் கொடுப்பார்கள். வாரச் சந்தையைப் போல ஒரு நாள் குறித்து நூலை வாங்கிக்கொண்டு, எடைபோட்டுக் கூலி தருவார்கள். கதர் மூட்டையைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றவர்களில் ஈ.வெ.ராமசாமியும் ஒருவர் என்பது எல்லோருக்கும் தெரியும். விற்றவர்களுக்கும் நூற்றவர்களுக்கும் நடுவே தராசோடு உட்கார்ந்திருந்த அந்த ஊழியர்களைத்தான் யாரும் நினைப்பதில்லை. என் மதிப்பில் கதரைத் துணியாக்கியவர்கள் அவர்களே.

கூலி விஷயம் மனதை உறுத்துவது. சந்தாவுக்காக நூற்றவர்கள் சில ஆயிரம் பேர். வயிற்றுக்காக நூற்ற பெண்கள் லட்சக்கணக்கில். அவர்களுக்கு ஒரு நாளைக்குக் கிடைத்தது சில காசு. விலை ஏறினால் கதர் விற்காது என்று எல்லோரும் பயந்துகொண்டிருந்தபோது, 1935இல் காந்தி எட்டு மணி நேர நூற்புக்கு எட்டணா வேண்டும் என்று சங்கத்தை நெருக்கினார். எட்டணா கைகூடவில்லை, அதைவிடக் குறைவான தொகைக்குத்தான் சங்கம் உடன்பட்டது. ஆனாலும் நூற்பவளுக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு என்று ஒரு கோடு விழுந்தது. விலை ஏறியது, விற்பனை சிரமப்பட்டது. அதைத் தெரிந்தேதான் செய்தார்கள்.

ராட்டையையே வேகமாக்கினால் என்ன என்ற யோசனையும் ஓடிக்கொண்டிருந்தது. 1929இல் சங்கம் ஒரு லட்ச ரூபாய் பரிசு அறிவித்தது. எட்டு மணி நேரத்தில் 12 முதல் 20ஆம் நம்பர் வரை 16,000 அடி நூல் நூற்க வேண்டும். விலை 150 ரூபாயைத் தாண்டக் கூடாது. ஒரு பெண் குடிசையில் வைத்துக் களைக்காமல் ஓட்டக்கூடியதாக இருக்க வேண்டும். எளிதில் தூக்கிப் போகவும் பழுது பார்க்கவும் வேண்டும். பரிசை யாரும் வெல்லவில்லை. இருபது ஆண்டு கழித்துத் திருநெல்வேலிப் பக்கத்து ஏகாம்பரநாதன் செய்த ராட்டை அந்தக் கனவுக்கு அருகில் வந்தது. அவர் பெயரை ஒட்டி அம்பர் சர்க்கா என்றார்கள். மில்லில் இருப்பது போல உருளைகள் திரியை இழுக்கும், பல கதிர்கள் ஒரே கைப்பிடியில் சுழலும். நூல் சீராக வந்தது. நெசவாளர்களும் அதை ஏற்றுக்கொண்டார்கள்.

ஆனால் அம்பருக்கு வில்லடித்த திரி போதாது, மிகச் சீரான திரி வேண்டும். பின்னாளில் கதர் கமிஷன் கேரளத்தின் குற்றூரிலும் கர்நாடகத்தின் சித்ரதுர்காவிலும் இன்னும் சில இடங்களிலும் திரி ஆலைகள் வைத்தது. அங்கே பதமான திரி லாரியில் வரும். நூற்பவளுக்கு வேலை சுலபமானது உண்மை. கரிசல் காட்டுப் பருத்திக்கும் கரிசல் ஊர் ராட்டைக்கும் இருந்த உறவு அதோடு அறுந்ததும் உண்மை. எந்த ஊர்ப் பஞ்சு என்று தெரியாமல் நூற்பது கதரின் கணக்கில் வராத நஷ்டம் என்றே எனக்குப் படுகிறது.

ஜே.சி.குமரப்பா இதைத்தான் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். தஞ்சாவூரில் பிறந்து, பம்பாயில் தணிக்கையாளராக இருந்து, காந்தியிடம் போய்ச் சேர்ந்தவர். விளையும் இடத்திலேயே பொருளாக வேண்டும், செய்பவருக்கும் உடுத்துபவருக்கும் நடுவே தூரம் குறைய வேண்டும் என்பது அவர் பொருளாதாரம். கடைசி ஆண்டுகளை அவர் கழித்தது மதுரைக்குத் தென்மேற்கே தே.கல்லுப்பட்டியில். 1940இல் கோ.வேங்கடாசலபதி தொடங்கிய காந்தி நிகேதன் ஆசிரமம் அங்கே இருக்கிறது. கரிசலின் ஓரத்தில் நிற்கும் ஊர் அது. பருத்தியும் ராட்டையும் தறியும் ஒன்றையொன்று நடந்து போய்ப் பார்த்துவரும் தொலைவில் இருக்கக்கூடிய இடம். குமரப்பா 1960 ஜனவரி 30 அன்று மறைந்தார். வடக்கே திண்டுக்கல் போகும் வழியில், சின்னாளப்பட்டிக்குப் பக்கத்தில், சௌந்தரமும் ஜி.ராமச்சந்திரனும் 1947இல் நிறுவிய காந்திகிராமமும் கதரைத் தன் வேலைகளில் ஒன்றாக எடுத்துக்கொண்டது. மதுரைக்கு இரு பக்கமும் இப்படி இரண்டு நிலையங்கள் அமைந்தது இந்த மண்ணின் அதிர்ஷ்டம்.

சர்க்கா சங்கத்தின் கடைசி அத்தியாயம் சிறியது. 1942 போராட்டத்தில் பல கிளைகளைப் போலீஸ் பூட்டியது. 1944இல் சிறையிலிருந்து வந்த காந்தி, விற்பதற்காக நெய்யும் கதரில் தம் நம்பிக்கை குறைந்துவிட்டதாகப் பேசத் தொடங்கினார். உடுத்துகிறவர் நூற்க வேண்டும் என்பதை வலியுறுத்தி, கதர் வாங்குகிறவர் விலையில் ஒரு சிறு பங்கை நூலாகவே தர வேண்டும் என்று 1945இல் விதி கொண்டுவந்தார்கள். சந்தாவாக இருந்த சிட்டம் அப்போது காசாகவும் ஆனது. கடைக்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை, விற்பனை விழுந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு சங்கம் சர்வ சேவா சங்கத்தில் கலந்தது. கதர் 1957இல் அமைந்த கமிஷனின் கைக்குப் போனது. தமிழ்நாட்டில் நாம் அறிந்த சர்வோதய சங்கக் கடைகள் அந்தப் பரம்பரையின் வாரிசுகள். அவற்றில் காசு கொடுத்தால் போதும்.

சிட்டம் போய்ச் சேர்ந்த இடங்களில் ஒன்று மதுரையிலேயே இருக்கிறது. தமுக்கத்தில் ராணி மங்கம்மாளின் அரண்மனையில், 1959 ஏப்ரல் 15 அன்று நேரு திறந்து வைத்த காந்தி நினைவு அருங்காட்சியகத்தில், 1948 ஜனவரி 30 அன்று காந்தி உடுத்தியிருந்த, இரத்தக் கறை படிந்த துணி இருக்கிறது. கறையைப் பார்க்க வருகிறவர்கள் கொஞ்சம் நெசவையும் பார்க்க வேண்டும். அதுவும் யாரோ வில்லடித்து, யாரோ நூற்று, யாரோ குழித்தறியில் அறுந்ததை முடிந்து முடிந்து நெய்த கதர்தான்.

இன்னொரு இடம் கொடிக்கம்பம். நம் தேசியக்கொடி கையால் நூற்று, கையால் நெய்த துணியில்தான் இருக்க வேண்டும் என்று பல்லாண்டு விதி இருந்தது. 2021 டிசம்பர் 30 அன்று அதைத் திருத்தி, இயந்திரத்தில் செய்த கொடியையும் பாலியெஸ்டர் கொடியையும் அனுமதித்தார்கள். கொடிக்காக நெய்து பிழைத்தவர்களுக்கு அது இடி. எனக்கு இன்றுவரை இந்தத் திருத்தத்தை ஏற்க மனம் வரவில்லை.

இன்று ராட்டை வேறு ஒரு கூட்டத்தின் கையில் மெல்லத் திரும்பிக்கொண்டிருக்கிறது. வயிற்றுக்காக இல்லாமல் ஆசைக்காக நூற்பவர்கள். இது மேற்கில் முன்பே நடந்தது. இங்கிலாந்தில் எலிசபெத் பீகாக்கும் தோழியரும் 1931இல் நெய்வோர், நூற்போர், சாயமிடுவோருக்கென்று ஒரு சங்கம் அமைத்தார்கள். பீகாக்குக்கு நெசவின் வழியைக் காட்டிய எதெல் மைரே நமக்கு அந்நியர் அல்ல. அவர் முதலில் ஆனந்த குமாரசாமியின் மனைவி. 1900களின் தொடக்கத்தில் இலங்கையில் வாழ்ந்து அங்கிருந்த கைவினைகளைக் கிராமம் கிராமமாகப் பார்த்தவர். அவர்களுக்கு அது மில் துணியின் அழகின்மைக்கு மாற்று. இங்கே அது பசிக்கு மாற்று. தொடக்கம் வேறு வேறாக இருந்தாலும் ஆசைக்காரர்களை நான் இளக்காரமாக எண்ணவில்லை. பிடிக்கிறதே என்று செய்கிறவர்தான் ஒரு வேலையை அவசரமில்லாமல் கற்றுக்கொள்வார். பருத்திப் பக்கமும் அசைவு தெரிகிறது. 2002க்குப் பிறகு பி.டி. பருத்தி நாடெங்கும் காட்டைப் பிடித்துக்கொண்டாலும், மானாவாரி நாட்டுப் பருத்தியைக் கையால் நூற்று நெய்து விற்கும் சென்னைத் துலா போன்ற முயற்சிகளால் கருங்கண்ணிப் பேச்சு மறுபடி எழுந்திருக்கிறது.

ஆசையாக நூற்பவர்களிடம் ஒன்று மட்டும் கேட்கத் தோன்றுகிறது. உங்கள் சிட்டம் எங்கே போகிறது? பெரும்பாலும் அலமாரிக்குள் போகிறது. காரணம் அவர்களுடைய சோம்பல் அல்ல, தறியின் இயல்பு. தறியில் ஒரு துண்டுக்கென்று பாவு ஏற்ற முடியாது. 1,080 இழையையும் விழுதிலும் அச்சிலும் கோத்து முடிக்கவே நெசவாளருக்குப் பொழுது போய்விடும்; அந்தச் சிரமத்துக்கு ஈடாக ஒரு 12 கஜமாவது பாவு வேண்டும். பாவும் ஊடையும் சேர்த்து அதற்கு 26,000 கஜம் நூல் பிடிக்கும். 31 சிட்டம், எடை முக்கால் கிலோ கூட வராது. ஒன்றரைக் கஜத் துண்டு ஏழு, எட்டு கிடைக்கும். மாதம் 1,000 கஜம் நூற்கும் ஒருவர் தனியாக இதைச் சேர்க்க இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும். அதற்குள் அவர் கை மாறியிருக்கும், முதல் மாத நூலும் கடைசி மாத நூலும் ஒரே பாவில் சேராது. அதே நூலை முப்பது பேர் சேர்ந்தால் ஒரு மாதத்தில், சேதாரம் போக, முடித்துவிடலாம். 1925இல் வைத்த 1,000 கஜம் என்ற அளவு இன்றைக்கும் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவதைக் கண்டு எனக்கு வியப்பு அடங்கவில்லை.

மதுரையில் முப்பது பேர் கிடைக்காமலா போய்விடுவார்கள்? கல்லூரிப் பெண்கள் இருக்கிறார்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள், பெட்டி ராட்டையை வாங்கி வைத்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கிறவர்களும் இருக்கிறார்கள். தினம் ஏழெட்டு நிமிஷம் உட்கார்ந்தால் பழகியவருக்கு 1,000 கஜம் ஒரு மாதத்தில் வந்துவிடும். புதியவருக்கு அரை மணி வேண்டும். விருதுநகர்ப் பக்கத்துக் கரிசலில் கருங்கண்ணி போடும் ஒரு சம்சாரியிடம் பங்குனியிலேயே பேசி வைக்கலாம். ஒரு தராசு வேண்டும், நூல் சுற்றும் சட்டம் வேண்டும், எல்லோரும் 20ஆம் நம்பர்தான் என்று ஒரு கட்டுப்பாடு வேண்டும். நெசவாளரை முதல் கூட்டத்துக்கே அழைத்து, கைநூலுக்கு மில் நூலைவிடக் கூடுதல் கூலி என்று முன்கூட்டியே பேசி முடித்துவிட வேண்டும். யாருடைய நூல் பாவுக்கு, யாருடையது ஊடைக்கு என்பதை மாதக் கடைசியில் அவரே சிட்டங்களை இழுத்துப் பார்த்துப் பிரித்துக் கொடுத்துவிடுவார்.